சகலையின் புல்லட்டுக்குத் துடித்த வீதி

ராக்கியண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்து, பந்தலுக்குப் பின்னால் எச்சில் இலைகளை நாய்கள் இழுத்துக்கொண்டிருந்த உச்சிவேளையில், அவருடைய பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை இளைய மருமகன் அங்கமுத்து ஒரே உதையில் எழுப்பினான். எழுப்பிய அந்த நொடியிலிருந்து லேத்துப் பட்டறை வீதியில் குடியிருந்த அத்தனை பேருடைய நாடியும் அந்த எஞ்சினின் துடிப்போடு சேர்ந்து துடிக்கத் தொடங்கியது. அன்று ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வயிறு நிறைய விருந்து உண்டவர்கள் தத்தம் நாடியைப் பிடித்துப் பார்ப்பதில்லை.

எங்கள் வீதியில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வைத்திருந்தவர் இறந்தால், பதினாறாம் நாள் அந்த வண்டியைக் கழுவி, விளக்கில் திருநீறு பூசி, வாசலில் நிறுத்துவார்கள். மகன்கள் இருந்தால் மகன்கள், இல்லையென்றால் மருமகன்கள், மூப்பு வரிசையில் வந்து ஆளுக்கு ஓர் உதை உதைக்க வேண்டும். யாருடைய உதைக்கு எழுகிறதோ அவருக்கே வண்டி. அதன்மேல் எவரும் வழக்குப் பேசுவதில்லை. ராக்கியண்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சாந்தாமணியின் கணவன் திருமூர்த்தி. இளையவள் விசாலாட்சியின் கணவன் அங்கமுத்து. சகலைகள் இருவருக்கும் வீதியின் எதிரெதிர்ப் பக்கங்களில் பட்டறை. முதல் உதை, முறைப்படி, திருமூர்த்தியுடையது.

திருமூர்த்தி கம்ப்ரஷன்காரன். சிலிண்டருக்குள் நுழைந்த மூச்சை எவ்வளவு இறுக நெருக்குகிறோமோ அவ்வளவுதான் எஞ்சினின் ஆண்மை என்பது அவனுடைய கொள்கை. ஹெட்டைச் சீவி, பிஸ்டனின் தலையை உயர்த்தி, இரும்பைப் பெருமூச்சு விடவைப்பதில் கோயம்புத்தூருக்கு இந்தப் பக்கம் அவனுக்கு நிகர் இல்லை. பழைய புல்லட்டை உதைப்பவர்கள் முதலில் ஒரு சிறு நெம்புகோலைத் தூக்கி, உள்ளே இறுகியிருக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டு, அதற்குப் பிறகே முழு உதை உதைப்பார்கள். கம்ப்ரஷன்காரன் ஒருவன் கம்ப்ரஷனுக்கு அஞ்சுவதா என்று எண்ணிய திருமூர்த்தி, உறவினர் அனைவரும் பார்த்திருக்க, அந்த நெம்புகோலைத் தொடாமலே உதைத்தான். எஞ்சின் ஒரு முறை ஆழமாக உள்ளிழுத்தது. அந்த இழுப்பில் தன் நெஞ்சிலிருந்த மூச்சும் சேர்ந்து போனதுபோல அவனுக்குத் தோன்றியது. மறுகணம் உதைகோல் திரும்பி உதைத்த உதையில் அவன் புது வேட்டியோடு பறந்துபோய்ப் பந்தல்காலின் அடியில் விழுந்தான். உறவுக்கூட்டம் சிரித்தது. விழுந்த இடத்திலிருந்து அவன் முதலில் பார்த்தது தன் மனைவியைத்தான். சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அடுத்து அங்கமுத்து வந்தான், வண்டியைத் தொட்டுக் கும்பிட்டான், நெம்புகோலைத் தூக்கினான், மெதுவாக ஓர் உதை. எஞ்சின் எழுந்து, வெகுநேரம் உறங்கி எழுந்த கிழவரைப் போல ஒருமுறை இருமிவிட்டு, தொம், தொம், தொம் என்று நடக்கத் தொடங்கியது.

மறுநாள் காலையில் நகராட்சி மருந்தகத்துச் செவிலி ரெஜினா, காய்ச்சலோடு வந்த தையல்காரியின் நாடியைப் பார்த்தார்; வயிற்றுவலியோடு வந்த கொத்தனாருடையதைப் பார்த்தார்; தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தையுடையதைப் பார்த்தார். மூன்றும் ஒன்றாக இருந்தன. கைக்கடிகாரத்தின் மேல் ஐயம்கொண்டு வேறொன்றை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் நாடியையே பார்த்தார். பிறகு சன்னலைத் திறந்து, அங்கமுத்துவின் பட்டறை வாசலில் புகைவிட்டுக்கொண்டிருந்த புல்லட்டின் துடிப்பைக் கேட்டார். கேட்டுவிட்டு, "அட, இதானா" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார். அன்றிலிருந்து அவர் காலையில் ஒருவருடைய நாடியை மட்டும் பார்த்து, அதையே எல்லாருக்கும் எழுதினார். செய்தி கேட்டு வெளியூரிலிருந்து வந்த பெரிய மருத்துவரின் நாடி, வீதி முனையிலுள்ள சாக்கடைப் பாலத்தைத் தாண்டியதும் புல்லட்டோடு சேர்ந்துகொண்டது; திரும்பிப் போகையில் அதே பாலத்தில் அவரை விட்டுவிட்டது; அவர் சோதிப்பதற்காகக் குடிநீரை ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு போனார், பிறகு வரவில்லை.

வீதி அதற்குப் பழகிக்கொண்டது. காலையில் அங்கமுத்து எழுப்பியதும் எல்லாரும் வேலையைத் தொடங்கினார்கள், பொழுது சாய்ந்து அவன் நிறுத்தியதும் எல்லாரும் கை கழுவினார்கள், இரவில் அது நின்றிருக்கையிலும் நாடிகள் அதே நடையில் போய்க்கொண்டிருந்தன, சுத்தியல்கள் ஒரே தாளத்தில் இறங்கின, தேநீர்க் கடை ஹம்சா ஒரே தாளத்தில் ஆற்றினார், மாரியம்மன் கோவிலில் தவில்காரர் தனியாகத் தாளம் பிடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சண்டைகள் குறைந்தன, திட்டுகிறவருக்கும் திட்டு வாங்குகிறவருக்கும் நெஞ்சு ஒரே அளவில் அடித்தால் சண்டை எப்படிச் சூடு பிடிக்கும்? பெண் பார்க்க வந்த வெளியூர் மாப்பிள்ளைகளைப் பாலத்தின் இந்தப் பக்கம் அழைத்து, மணிக்கட்டைப் பிடித்து, எளிதாகச் சேர்கிறானா இழுபறி செய்கிறானா என்று பார்த்துவிட்டே காப்பி கொடுத்தார்கள். தேர்வு மாதத்தில் தாய்மார்கள் அங்கமுத்துவிடம் வந்து, பிள்ளைகள் பதறாமல் எழுதுவதற்காக ஐட்லிங்கை, அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் வேகத்தை, சற்றுக் குறைத்துவைக்கக் கேட்டார்கள். அவனும் திருகைத் திருப்பிக் குறைத்துவைத்தான். வண்டிக்குப் பெட்ரோல் வீட்டுக்கு வீடு முறைவைத்து வந்தது. எல்லாரும் ஒருவாயாகச் சொன்ன காரணம் ஒன்றுதான்: அங்கமுத்து அந்த எஞ்சினுக்கு வால்வுகளைத் திறந்து மூடுகிற, இதுவரை யாரும் வெட்டாத ஒரு கேம்ஷாஃப்டை வெட்டிப் போட்டிருக்கிறான்.

திருமூர்த்தி இதையெல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பவர்களின் கையையெல்லாம் குலுக்குகிற பாவனையில் பிடித்து, விரலை மணிக்கட்டில் வைத்து, ஒவ்வொருவரின் நாடியிலும் சகலையின் புல்லட் துடிப்பதைக் கேட்டான். வங்கிக் காவலாளியிடம் கேட்டான், கீரைக்காரியிடம் கேட்டான், தன்னிடம் கூலிக்கு இருந்த டர்னரிடமும் கேட்டு, அன்றே அவனை வேலையைவிட்டு நிறுத்தி, மறுநாள் திரும்ப அழைத்துக்கொண்டான். தன் நாடி மட்டும் இந்தக் கூத்தில் சேராது என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. ஆகையால் அதை அவன் தொட்டுப் பார்க்கவும் இல்லை.

ஒருநாள் சாந்தாமணி பட்டறைக்கு மோர் கொண்டுவந்தாள். சொம்பை வாங்குகிறவன் சொம்பை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தான்.

"ஏனுங், என்ன பண்றீங்க? எதுத்தாப்புல கடைக்காரரு பார்க்கறாரு."

"சித்த நில்லு அம்மிணி."

அவள் நின்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தொம், தொம், தொம். எதிர்ப்பக்கத்தில் அங்கமுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான்.

"என் வூட்டுல இருந்துக்கிட்டு அவன் வண்டிக்கில்ல துடிக்குது?"

"அடப் போங்க மாமா. ஊருக்கே அப்படித்தான் துடிக்குது. எனக்கு மட்டும் தனியா ஒரு எஞ்சினு வெச்சுக் குடுத்திருக்கீங்களா?"

"ஊரு துடிச்சா துடிக்கட்டும். நீ எதுக்குத் துடிக்கோணும்?"

"நிறுத்திப்போடட்டுங்களா? அப்புறம் ராத்திரிக்குச் சோறாக்கறது ஆரு?"

அவள் சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. பந்தல்காலின் அடியிலிருந்து பார்த்த அந்த முந்தானை அவன் கண்முன் வந்தது. அன்று மாலையே கயிற்றுக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய், லேத்துக்கும் துளைப்பொறிக்கும் நடுவில் போட்டுக்கொண்டான். அதன் பிறகு அவன் சாப்பிடுவதற்கு மட்டுமே வீட்டுக்குள் வந்தான், மாதங்கள் போயின, சாந்தாமணி சோற்றில் சில நாள் உப்பை மறந்தாள்.

தேநீர்க் கடையில் அந்த ஆண்டு முழுவதும் ஒரே பேச்சுதான் நடந்தது. கேம்ஷாஃப்டா, கம்ப்ரஷனா? ஒரு மாலை, கடைவாசலில் புல்லட்டை ஓடவிட்டு நிறுத்தியிருந்த அங்கமுத்து, திருமூர்த்தியைப் பார்த்ததும் பெஞ்சில் ஒதுங்கி இடம் கொடுத்தான்.

"உக்காருங்கண்ணா."

"உன்ற கேமைப் பத்தித்தான் பேச்சாட்ட இருக்குது."

"நானு ஒண்ணுமே பண்ணலீங்கண்ணா. மாமன் போட்டு வெச்சதுதான் உள்ள கெடக்குது. கவரையே நானு இன்னும் கழட்டலீங்."

ஹம்சா ஆற்றுவதை நிறுத்தினார். "பார்த்தீங்களா, எவ்வளவு தன்மையாச் சொல்றாப்புல! வெட்டினதே தெரியாம வெட்டியிருக்காப்புலீங்க."

"கேமு என்னத்தக் கிழிக்கும்?" என்றான் திருமூர்த்தி. "நேரத்துக்கு வாயைத் தொறந்து மூடறதெல்லாம் ஒரு வேலையா? உள்ள போனதை நெருக்கோணும். நெருக்கறவன்தான் ஆளு."

மூலையிலிருந்த கிழட்டு வார்ப்படக்காரர் பழனியாண்டி தம்ளரைக் கீழே வைத்தார். "நெருக்கறதுக்கு மொதல்ல உள்ள ஏதாச்சும் போகோணுமில்லடா திருமூர்த்தி? நீ நெருக்கி நெருக்கித்தான் பந்தக்காலுக்கு முத்தம் குடுத்தே."

கடை குலுங்கியது. திருமூர்த்தியும் பல்லைக் காட்டினான். அந்த வேளையில், யாரும் தொடாமலே, வாசலில் நின்ற புல்லட்டின் ஐட்லிங் ஏறியது. தொம் தொம் என்று நடந்த எஞ்சின் ஓடத் தொடங்கியது. கடையிலிருந்த அத்தனை பேரும் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள். அங்கமுத்து தேநீரை விட்டுவிட்டு ஓடிப்போய்த் திருகைத் தணித்தான்.

"என்னன்னே தெரியலீங்," என்றான் திரும்பி வந்து. "அப்பப்பத் தானா எச்சா ஏறிக்குது."

"உசுருள்ள வண்டி," என்றார் ஹம்சா, பக்தியோடு.

அன்றே திருமூர்த்தி முடிவு செய்தான்: இவர்கள் சொல்லும் கேமையும் வெட்டுவேன், என் கம்ப்ரஷனையும் வைப்பேன், சாந்தாமணியின் நாடியை என் எஞ்சினுக்குத் திருப்புவேன். வீதியைப் பற்றி அவனுக்கு இப்போது கவலை இல்லை. அந்த ஒரு மணிக்கட்டு போதும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு புல்லட் எஞ்சினைக் கொண்டுவந்து, ஒவ்வொரு மரையாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினான். கேம்ஷாஃப்டின் புடைப்புதான் வால்வைத் தூக்குகிறது. புடைப்பு அகன்றால் வாயில் நெடுநேரம் திறந்திருக்கிறது. நெடுநேரம் திறந்த வாயிலின் வழியே, எஞ்சின் மெதுவாக ஓடும்போது, உள்ளே வந்த மூச்சு வந்த வழியே நழுவிவிடுகிறது. நழுவிய மூச்சை ஈடுகட்டக் கம்ப்ரஷனைக் கூட்ட வேண்டும். கம்ப்ரஷனைக் கூட்டிவிட்டுக் கேமைச் சுருக்கினாலோ, நெருக்கம் தாங்காமல் எஞ்சின் உள்ளுக்குள் கல்லெறிவதுபோலத் தட்டுகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று கோணுகிறது. இரண்டும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவை. இதை அவனைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் வீதியில் இல்லை. கூரிய கேமுக்கு உயர்ந்த பிஸ்டன்; அகன்ற கேமுக்கு அதைவிட உயர்ந்த பிஸ்டன்; சிலிண்டருக்கு அடியில் செப்புத் தகடு வைத்து நெருக்கத்தை ஒரு நூல் அளவு தணித்து ஒன்று; தகட்டை எடுத்துவிட்டு இன்னொன்று. பங்குனி வெயிலில் அவன் பட்டறைக் கூரை காய்ந்து விரிசல் விட்டதும் அவனுக்குத் தெரியவில்லை.

அந்த எஞ்சினை எழுப்பிய நாளில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, புறாக்கள் தண்ணீர்த் தொட்டியைவிட்டு எழுந்தன, நாய்கள் வீதியைக் காலிசெய்துகொண்டு போயின. சாட்சிக்கு அழைத்துவரப்பட்ட ரெஜினா, தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மாறலீங்க."

"நல்லாப் பாருங்க சிஸ்டர்."

"கொஞ்சம் ஏறியிருக்குது. ஆனா அங்கமுத்து வண்டியும் அதே அளவு ஏறியிருக்குது பாருங்க. அதுகூடத்தான் ஏறியிருக்குது."

எதிர்ப்பக்கத்தில் அங்கமுத்து மறுபடியும் திருகோடு போராடிக்கொண்டிருந்தான். திருமூர்த்தி வீட்டுக்குள் ஓடி, அரிசி புடைத்துக்கொண்டிருந்த சாந்தாமணியின் கையைப் பற்றினான். அவள் முறத்தை விடாமலே கையைக் கொடுத்தாள். சகலையின் எஞ்சின், படபடவென்று, அவனை ஏளனம் செய்வதுபோல, அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அவன் கட்டிய எஞ்சினையோ வெளியூர்க்காரன் ஒருவன் கெஞ்சி வாங்கிப்போய்ப் பந்தயத்தில் வென்று, மாலையோடு எடுத்த படத்தை அனுப்பினான். திருமூர்த்தி உறையைப் பிரிக்கவில்லை. அடுத்த எஞ்சினைக் கட்டினான்; அதற்கடுத்ததையும் கட்டினான்; அவையும் வென்றன; சாந்தாமணியின் மணிக்கட்டில் மட்டும் தோற்றன.

ஆவணியில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குத் தாராபுரம் போனவன் இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது, பேருந்தைவிட்டு இறங்கியதும் ஹம்சா எதிர்ப்பட்டார்.

"நீங்க இல்லாத நேரத்துல வீதியே தூங்கி வழிஞ்சு போச்சுங்க. அங்கமுத்து வண்டி எழவே மாட்டேனுடுச்சு. ஆளாளுக்கு ஒரு துடிப்பு. ஒரு டீ கூட உருப்படியா ஆத்த முடியலீங்க."

"அப்படியா?" என்றான் திருமூர்த்தி. அவன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

"இப்பத்தான், பஸ்ஸு வர்ற நேரத்துக்கு, ஒரே உதைல எழுந்துச்சு பாருங்க. அங்கமுத்து கைராசி அப்படி!"

வெளிச்சம் அணைந்தது. கைராசி என்ற சொல் அவன் காதில் ஆணியாக இறங்கியது. மற்ற எதையும் அவன் கேட்கவில்லை. தோளில் பையோடு, கால் கழுவாமல், நேராகச் சகலையின் வாசலுக்குப் போனான்.

"உன்ற கேமைக் கழட்டி எனக்குக் குடு. அளந்து பார்க்கோணும்."

மறுப்பான், அந்த மறுப்பில் களவு வெளிப்படும் என்று அவன் எண்ணியிருந்தான். அங்கமுத்து கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"எடுத்துக்குங்கண்ணா. நானே கேட்கலாம்னு இருந்தேன். உங்களாட்ட அளக்கறதுக்கு இங்க ஆரு இருக்கறா? விசாலு, அண்ணனுக்குக் காப்பி வை."

இந்தப் பெருந்தன்மையைத்தான் திருமூர்த்தியால் தாங்க முடியவில்லை. காப்பியைக் குடிக்காமலே நின்றான்.

மறுநாள் பிற்பகலில் எஞ்சின் நிற்கும் என்று வீதியில் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள், மின்தடையை அறிவிப்பதைப் போல. எல்லாரும் வேலையை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அங்கமுத்து வண்டியை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பல்சக்கரத்தோடு கூடிய இரண்டு சிறிய கேம்களையும் ஒரு துணியில் வைத்துக் கொடுத்தான். அந்த நேரம் வீதியிலிருந்த ஒவ்வொருவருக்கும் தத்தம் சொந்தத் துடிப்பு மறுபடியும் வந்தது. பெட்டியில் கிடந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டவர்களைப் போல அவர்கள் கூச்சத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரி காரணமில்லாமல் அழுதாள். பழனியாண்டி ஹம்சாவோடு பழைய சண்டை ஒன்றைத் தேடி எடுத்து, சூடு ஆறுவதற்குள் போட்டு முடித்தார்.

திருமூர்த்தி பட்டறைக் கதவைச் சாத்தினான். தான் வெட்டிய கேம்களை இடப்பக்கமும் சகலையின் கேம்களை வலப்பக்கமும் வைத்தான். அளவுமானியின் முள்ளைப் புடைப்பின்மேல் நிறுத்தி, பாகை பாகையாகச் சுழற்றினான். தன்னுடையதில் முள் அழகாக ஏறி அழகாக இறங்கியது. சகலையுடையதைச் சுழற்றியபோது முள் தள்ளாடியது. மறுபடியும் சுழற்றினான். மூச்சை உள்ளே விடும் கேமின் மூக்கு தேய்ந்து மழுங்கியிருந்தது. வெளியே விடும் கேமில் நகத்தை வைத்தால் சிக்கும் அளவுக்குப் பள்ளம். இரண்டுக்கும் வால்வை எப்போது திறக்க வேண்டும் என்ற நினைவே அற்றுப்போயிருந்தது. யாரும் எதையும் வெட்டவில்லை. ராக்கியண்ணன் காலத்துத் தேய்மானம் அப்படியே இருந்தது. கழற்றுவதற்கு முன்பே கம்ப்ரஷனையும் அளந்திருந்தான். அது சல்லடையில் ஊற்றிய தண்ணீர். இது ஐட்லிங்கில் நிற்கக்கூடிய எஞ்சின் அல்ல. ஓடக்கூடிய எஞ்சினே அல்ல. திருமூர்த்திக்கு வியர்த்தது. களவு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் அவன் உறங்கியிருப்பான். ஒன்றுமே இல்லாததன்மேல் எப்படிப் பொறாமைப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சாந்தாமணி வந்தாள், கையில் காப்பித் தம்ளரோடு.

அவனுக்கு ஒன்று உறைத்தது. கேம் இங்கே மேசையில் கிடக்கிறது. எஞ்சின் அங்கே மூடி கழன்று கிடக்கிறது. வீதியே அவரவர் நாடிக்குத் திரும்பிவிட்டது. இப்போது இவளுடைய கை இவளுடையது. தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கோவிலில் சுடரைத் தொடுவதுபோல, அவள் மணிக்கட்டில் விரல் வைத்தான்.

தொம், தொம், தொம்.

அந்தத் துடிப்பை அவன் உறக்கத்திலும் அறிவான். அது சகலையின் புல்லட்டேதான். அவன் கையை உதறினான்.

"கேமு இங்க கெடக்குது! எஞ்சினு அங்க தொறந்து கெடக்குது! ஊரே உட்டுப்போட்டுது, உனக்கு மட்டும் இன்னும் அதே அடியா? அப்படி என்ன சாமி அவன் கிட்ட?"

சாந்தாமணி முகம் சிவந்தது. அவள் கோபப்பட்டு அவன் அதுவரை பார்த்ததில்லை. அவனுடைய இடக்கையை எடுத்து, வலக்கையின் விரல்களை இழுத்து, அந்த மணிக்கட்டின்மேல் அழுத்தி வைத்தாள்.

"ஊருல ஒரு கை பாக்கியில்லாமப் புடிச்சீங்களே, இந்தக் கையை ஒருநாளாச்சும் புடிச்சீங்களா?"

தன் கையைத் தான் பிடித்தபடி திருமூர்த்தி நின்றான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு கேட்டது, தேய்ந்த கேமின் தள்ளாட்டமும், சல்லடைக் கம்ப்ரஷனின் இழுப்பும், நடுவில் ஒருமுறை தயங்கி அடுத்ததில் சேர்த்துப் பிடிக்கும் அந்த நடையும், கீரைக்காரியிடமும் காவலாளியிடமும் கைக்குழந்தையிடமும் கேட்டுக் கேட்டு அவன் வெறுத்த ஒவ்வொன்றும், அவனுடைய தோலுக்கு அடியிலேயே, யாரும் எழுப்பாமலே, தொம், தொம், தொம் என்று நடந்துகொண்டிருந்தது. பதினாறாம் நாள் உதையில் அவன் நெஞ்சிலிருந்து எஞ்சினுக்குள் போனது என்ன என்பது அப்போது அவனுக்குப் புரிந்தது. வண்டி அவனுக்குத் துடித்தது. வீதி வண்டிக்குத் துடித்தது.

"அப்ப நீ..."

"எனக்கு எந்த வண்டியும் வேண்டியதில்லீங். கண்ணாலமான நாள்ல இருந்து இதேதான். நீங்கதான், சத்தம் எங்கிருந்து வருதுன்னு பார்க்காம, கட்டலைத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க."

"பந்தல்ல நானு உழுந்தப்ப நீ சிரிச்சே."

"சிரிச்சனா?" அவள் முந்தானையை எடுத்து, அன்று பொத்தியதுபோலவே வாயைப் பொத்திக் காட்டினாள், கண்ணில் நீர் நின்றது. "நெஞ்சு நின்னு போச்சுங்க எனக்கு. உங்களுது நின்னா என்னுது நிக்காதுங்களா?"

காப்பி ஆறிப்போயிற்று. அவன் அதை ஆறியபடியே குடித்தான். குடித்து முடித்ததும் அவன் முதலில் சொன்னது இதுதான்:

"நானு இப்பவே டீக்கடைக்குப் போயி எல்லார்த்துக்கும் சொல்றேன். அது என்ற நாடி."

"போயிச் சொல்லுங்க. சகலை மேல இருக்கற வயித்தெரிச்சல்ல உளர்றாப்புலன்னு சொல்லுவாங்க."

அவன் யோசித்துப் பார்த்தான்.

"அதுவும் நெசந்தானுங்களே," என்றாள் சாந்தாமணி.

அவன் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. கேம்களைத் துணியில் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், பல்சக்கரங்களின் புள்ளியோடு புள்ளி பொருத்தி, சகலையின் எஞ்சினைத் தன் கையாலேயே மூடினான். வீதி கூடி நின்றது. அங்கமுத்து நெம்புகோலைத் தூக்கி மெல்ல உதைத்தான். எஞ்சின் எழுந்தது, ஆனால் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு நடையில் எழுந்தது, நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு நடப்பவரின் நடையில். வீதியின் தோள்களெல்லாம் தணிந்தன. தையல்காரி கண்ணைத் துடைத்தாள். ஹம்சா பெருமூச்சு விட்டார். ரெஜினா சன்னலிலிருந்து கைகாட்டினார். கைக்குழந்தைகள் ஒன்றாகக் கொட்டாவி விட்டன. அந்த மெதுவான, அகன்ற துடிப்பைத் திருமூர்த்தி தன் நெஞ்சில் கேட்டபடி, வாழ்வில் முதன்முறையாக எதையும் நெருக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன கேமுங்க!" என்றார் ஹம்சா. "பார்த்தீங்களா, ஒருக்காக் கழட்டி மாட்டினதும் இன்னும் நயமாயிடுச்சு. அங்கமுத்து, நீ பெரிய ஆளப்பா."

"ஐயோ, மாட்டினது அண்ணனுங்க," என்றான் அங்கமுத்து.

"மாட்டறது ஆரு வேணும்னாலும் மாட்டலாமில்ல?" என்றார் பழனியாண்டி. "கேமு ஆரு கேமு? அதைச் சொல்லு."

வீதி முழுவதும் தலையசைத்தது. திருமூர்த்தியும் புன்னகை செய்தான், மனதாரத்தான் செய்தான், இந்தப் பேச்சு இனி நம்மை ஒன்றும் செய்யாது என்று உறுதியாக நம்பிக்கொண்டே செய்தான். அந்தப் புன்னகை முகத்தில் இருக்கும்போதே, புல்லட்டின் ஐட்லிங் மெல்ல ஏறத் தொடங்கியது.

"பாருங்க, சித்த நேரம் நிக்க மாட்டேங்குது," என்று அங்கமுத்து திருகை நோக்கிக் குனிந்தான்.

அப்போது எதிர்ப்பக்கத்துப் பட்டறையிலிருந்து கயிற்றுக் கட்டிலை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்த சாந்தாமணி, வாசற்படியில் நின்று, தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கட்டிலைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை அவள் சிரித்தாள்.